ஊர் வைப்பதற்கு முன் நிலத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் நகரங்களை வைத்து ஒரு நாகரிகத்தை வளர்க்கிற சிவிலைசேஷன் 6 என்ற கணினி விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கணினி விளையாட்டு என்றாலே பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நின்று நிதானமாக யோசித்து, முறை வைத்து ஆடுகிற ஒரு விளையாட்டுக்கு நீங்கள் இடம் கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் சொல்லியிருந்த இரண்டு விஷயங்களை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒன்று, தொடக்கத்திலேயே எத்தனை நகரம் முடியுமோ அத்தனையையும் கிடைத்த இடத்தில் வைத்துவிட வேண்டும் என்பது. இன்னொன்று, கட்டிடங்களுக்கு இருக்கிற நிபந்தனைகள் சிறுவர்களைக் குழப்பும் வீண் தொல்லை என்பது. இரண்டாவதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது, ஏனென்றால் அந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டால் இந்த விளையாட்டில் மிச்சம் ஒன்றுமில்லை.

நான் தக்கலையில் வீடுகளுக்குப் பிளான் வரைந்து கொடுக்கிறவள். மனையை நேரில் பார்க்காமல், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, கிணறு எங்கே வரும், பாதை எந்தப் பக்கம் என்று தெரியாமல் வரையவே உட்கார மாட்டேன். இந்த விளையாட்டும் அதையேதான் கேட்கிறது. 2010-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் நூலகம், சந்தை, தொழிற்சாலை எல்லாமே நகரம் இருக்கிற அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும், எதை எங்கே கட்டுவது என்ற கேள்வியே வராது. 2016-ல் வந்த ஆறாம் பதிப்பில்தான் நகரத்தைப் பிரித்து நிலத்தின்மேல் பரப்பினார்கள். நகர மையத்தைச் சுற்றி மூன்று வட்டம், மொத்தம் 36 அறுகோணக் கட்டங்கள். வயல், சுரங்கம், கேம்பஸ் (கல்விப் பகுதி), ஹார்பர் (துறைமுகம்), உலக அதிசயம் எல்லாம் அந்த 36-க்குள்தான் இடம் பிடிக்க வேண்டும், ஒன்று உட்கார்ந்த கட்டத்தில் இன்னொன்று வராது.

முதலில் தண்ணீர். ஆறு, ஏரி, பாலைவனச் சோலை இதில் ஏதாவது ஒன்றை ஒட்டி நகரம் வைத்தால் ஆரம்பத்திலேயே 5 பேருக்குக் குடியிருப்பு கிடைக்கும், கடற்கரை என்றால் 3, எதுவும் இல்லாத மேட்டில் வைத்தால் 2 மட்டும். இந்த எண்ணைச் சின்னதாக நினைக்கக்கூடாது. மக்கள்தொகை குடியிருப்பு அளவை நெருங்கி ஒரே ஒரு இடம் மிச்சம் இருக்கும்போதே வளர்ச்சி பாதியாகிவிடும், அதுவும் நிரம்பிவிட்டால் கால்வாசிதான். என் அண்ணன் மகன் கட்டுரையில் சொன்னபடியே ஆடிவிட்டு, "அத்தை, பத்து ஊர் வச்சாச்சு, ஒண்ணும் வளரமாட்டேங்கு" என்று வந்து நின்றான். வரைபடத்தைப் பார்த்தால் பாதி நகரங்கள் ஆற்றிலிருந்து ஒரே ஒரு கட்டம் தள்ளி. ஒரு கட்டம் நகர்த்தி வைத்திருந்தால் போதும், அந்த ஊர்களின் கதையே வேறாக இருந்திருக்கும்.

சரி, தண்ணீர் இல்லாத இடத்தில் வைத்தாயிற்று, இனி என்ன செய்வது? அதற்குத்தான் அக்விடக்ட், அதாவது தூரத்துத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவருகிற கால்வாய்ப் பாலம். ஆனால் அதை நினைத்த இடத்தில் கட்ட முடியாது. ஒரு பக்கம் நகர மையத்தை ஒட்டியிருக்க வேண்டும், இன்னொரு பக்கம் ஆறோ ஏரியோ சோலையோ மலையோ ஒட்டியிருக்க வேண்டும். இரண்டும் அமைந்தால் 2 ஆக இருந்த குடியிருப்பு 6 ஆகிறது. இதைக் குழப்பம் என்று குமரி மாவட்டத்துப் பிள்ளையிடம் சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போகாத பள்ளிச் சுற்றுலா நம் பக்கத்தில் உண்டா? பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் பட்டணங்கால் வாய்க்கால் தண்ணீரை ஒரு மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்குக் கொண்டுபோகிறார்களே, அதுதான் இது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேர வேண்டும், நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அதைக் கட்டினார்கள். பேச்சிப்பாறை அணை, பெருஞ்சாணி அணை, தோவாளை சானல், அனந்தனார் சானல் என்று வீட்டில் தினமும் காதில் விழுகிற பிள்ளைகளுக்கு இந்த விதி ஒரு வாக்கியத்தில் புரியும்.

கடலோரத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, எனக்கோ அதுதான் மிகவும் பிடித்த இடம். ஹார்பரைக் கரையை ஒட்டிய நீர்க் கட்டத்தில்தான் அமைக்க முடியும். அது நகர மையத்தை ஒட்டி வந்தால் கூடுதலாக 2 தங்கம். கமர்ஷியல் ஹப் என்கிற வணிகப் பகுதி ஆற்றை ஒட்டினால் 2, ஹார்பரை ஒட்டினால் இன்னொரு 2. ஆகவே ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் நகரத்தை வைத்து, ஹார்பரையும் கமர்ஷியல் ஹப்பையும் முக்கோணமாக ஒன்றை ஒன்று ஒட்ட வைத்தால் அந்த ஊர் கடைசிவரை பணத்துக்குத் திணறாது. பழையாறு சேருகிற மணக்குடியும், குழித்துறை ஆறு சேருகிற தேங்காய்ப்பட்டணமும் அந்த வரைபடத்தில் இருந்திருந்தால் புதிய ஊர் வைக்கப் போகிற முதல் செட்லரை நான் அங்கேதான் அனுப்புவேன்! ஆனால் இதையெல்லாம் நகரம் வைக்கும் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும், அதே ஆட்டத்தில் ஐம்பது முறை கடந்த பிறகு நினைத்தால் அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே வேறு ஏதாவது உட்கார்ந்திருக்கும்.

மலைப் பக்கமும் இப்படித்தான். கேம்பஸை ஒட்டியிருக்கிற ஒவ்வொரு மலைக்கும் 1 அறிவியல் புள்ளி, மூன்று மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு கிடைத்தால் வேறு எதற்கும் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. அப்புறம் மக்கள்தொகை நிபந்தனை ஒன்று இருக்கிறது. கேம்பஸ், ஹார்பர், கமர்ஷியல் ஹப் மாதிரி சிறப்புப் பகுதிகளில் முதலாவதை 1 பேர் இருக்கும்போதே கட்டலாம், இரண்டாவதுக்கு 4 பேர் வேண்டும், மூன்றாவதுக்கு 7, பிறகு 10. அக்விடக்ட் இந்தக் கணக்கில் வராது. தண்ணீர் இல்லாமல் 2-ல் சிக்கிய நகரம் ஏன் உருப்படாமல் கிடக்கிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. கட்டுரையாளர் இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பகுதிக்கு இடம் குறித்து வேலையைத் தொடங்கிவிட்டால் அதன் செலவு அந்த அளவிலேயே நின்றுவிடும், தள்ளிப் போட்டால் ஆராய்ச்சி முன்னேற முன்னேற விலை ஏறிக்கொண்டே போகும். அதனால் நகரம் வைத்ததும் வரைபடத்தில் குறிகளைக் குத்தி, இங்கே கேம்பஸ், இங்கே அக்விடக்ட் என்று எழுதி வைப்பதுதான் நல்ல பழக்கம், அந்த வசதி விளையாட்டிலேயே இருக்கிறது. அதிசயங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குப் புல்வெளியோ சமவெளியோ வேண்டும், பக்கத்தில் கேம்பஸ் வேண்டும், அந்தக் கேம்பஸில் நூலகம் கட்டி அதற்குமேல் யுனிவர்சிட்டியும் கட்டி முடித்திருக்க வேண்டும். பெட்ராவுக்குப் பாலைவனக் கட்டம்.

குவாரி விஷயத்தையும் விட மனமில்லை. விளையாட்டில் கல் குவாரியும் சுரங்கமும் தொழிற்பகுதியும் பக்கத்துக் கட்டங்களின் அழகைக் குறைக்கும், அழகு மிகவும் குறைந்த கட்டத்தில் குடியிருப்புப் பகுதி கட்டினால் 2 பேருக்குத்தான் இடம், மிக அழகான கட்டத்தில் 6 பேருக்கு. வீட்டுப் பிளான் வரைகிற எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. மலையை உடைக்கிற சத்தத்துக்கும் தூசிக்கும் பக்கத்தில் மனை வாங்கியவர்கள் என்னிடம் வந்து எந்தப் பக்கம் ஜன்னல் வைப்பது என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆறாம் பதிப்போடு சேர்த்து ஆடுவதற்காக 2019-ல் வந்த கேதரிங் ஸ்டார்ம் என்ற கூடுதல் தொகுப்பில் வெள்ளமும் கடல் மட்ட உயர்வும் வந்துவிட்டன. ஆற்றங்கரைச் சமவெளியில் வெள்ளம் வந்தால் கட்டியது சேதமாகும், ஆனால் மண்ணுக்கு வளம் கூடும். அணை கட்டலாம், அதற்கும் அந்தச் சமவெளிக் கட்டத்தின் இரண்டு பக்கமாவது ஆறு ஓட வேண்டும். எந்தக் கடலோரக் கட்டம் 1 மீட்டரில் மூழ்கும், எது 2, எது 3 என்று முன்கூட்டியே காட்டிவிடுகிறார்கள். தடுப்புச் சுவரோ கம்ப்யூட்டர் கண்டுபிடித்த பிறகுதான் வரும், கடல் ஏற ஏற அதன் செலவும் ஏறும். நீரோடியிலும் வள்ளவிளையிலும் கடலரிப்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிற மாவட்டத்தில் விற்பனையாகிற நாளிதழ், இந்த ஒரு பகுதிக்காகவாவது கூட நாலு பத்தி எழுதியிருக்கலாம்.

நகரங்கள் நிறைய வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆறாம் பதிப்பில் அது சரிதான், இரண்டு நகரங்களுக்கு நடுவே 3 கட்டம் இடைவெளி இருந்தால் போதும், நெருக்கமாக வைத்தால் ஒரு ஊரின் பகுதி அடுத்த ஊரின் பகுதிக்கும் உதவும். "கிடைத்த இடத்தில்" என்ற சொல்லோடுதான் என் சண்டை. 2025-ல் வந்த ஏழாம் பதிப்பிலோ எண்ணிக்கைக்கே வரம்பு வைத்துவிட்டார்கள், மீறினால் மக்களின் மகிழ்ச்சி குறையும். புதிதாக வைக்கிற ஊர் முதலில் சிற்றூராகத்தான் இருக்கும், தங்கம் கொடுத்துத்தான் நகரமாக்க வேண்டும், நகரக் கட்டிடங்களும் ஏற்கெனவே உள்ள நகரப் பகுதியை ஒட்டித்தான் வர முடியும். அதில் சோழர்களையும் எடுத்து ஆடலாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள்.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இந்த விளையாட்டைப் பற்றி எழுதும்போது மலை, ஆறு, வயல், கடல் எல்லாம் குறித்த ஒரு அறுகோண வரைபடத்தை வெறுமையாக அச்சிட்டு, நகரத்தையும் கேம்பஸையும் ஹார்பரையும் அக்விடக்டையும் எங்கே வைப்பீர்கள், ஏன் என்று மாணவர்களை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் பென்சிலை வைத்தே கலந்துகொள்ளலாம். வரைபடத்தை நானே வரைந்து அனுப்புகிறேன், பணம் எதுவும் வேண்டாம், உங்கள் பக்க அளவு என்ன என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்