வாக்கை யாருக்குப் போடுவது என்று கேட்டிருந்தாய்

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மறுபடி பூசைக்கு நடந்தே போகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே விடாத மழை. செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நம் பழைய லயங்களில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற வீடுகளில் வங்காளதேசத்தவர், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள்.

இனி உன் கோபத்துக்கு வருகிறேன். தேர்தல் வந்தால் கத்தோலிக்கன் யாருக்குப் போட வேண்டும் என்று பங்குச் சாமியார் ஏன் சொல்வதில்லை என்கிறாய். அவர் பெயர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. குருக்கள் கட்சி அரசியலில் இறங்குவதைத் திருச்சபைச் சட்டமே தடுக்கிறது. ஆனால் வாக்களிப்பது கடமை என்று திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு 2240-ஆம் எண்ணில் சொல்கிறது. நமக்கெதற்கு வம்பு என்று அன்றைக்குப் பாயை விரித்துப் படுத்துக்கொள்ள முடியாது.

"மனச்சாட்சிப்படி போட்டுவிட்டுப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு உன்னோடு தகராறு. நம்மவர் பலருக்கு மனச்சாட்சி என்பது காப்பிக் கடையில் கடைசியாகப் பேசியவனின் குரல். கடவுளோடு மனிதன் தனித்திருக்கும் இடம் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதைச் சொல்கிறது. அங்கே நமக்குப் பிடிக்காததும் காதில் விழ வேண்டும். மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் மறைக்கல்வி ஏட்டையே திருத்தினார். 2023-இல் நம் நாடாளுமன்றம் போதைப்பொருள் கடத்தல் உள்ளிட்ட குற்றங்களுக்கு இருந்த கட்டாய மரண தண்டனையை நீக்கியது. போதைப்பொருளால் எத்தனை பிள்ளைகளை இழந்த ஊர் இது. உனக்கு இது கசக்கும், எனக்கும் இனிக்கவில்லை. ஆனாலும் அதைப் புறந்தள்ளிவிட்டு மனச்சாட்சி என்ற பேச்சை எடுக்க என்னால் முடியவில்லை.

வேட்பாளர்கள் தோட்டத்துக்கு வருவார்கள். தமிழ்ப்பள்ளிக்குக் கட்டடம், கோயிலுக்கு மானியம், வீட்டுக்கு ஓர் அரிசிப் பை. (வாக்குக்காகக் கொடுப்பதைப் போலவே வாங்குவதும் 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றம்தான். யார் கேட்கிறார்கள்!) இதெல்லாம் வாக்கு உள்ளவர்களுக்கு. நான் கேட்க நினைப்பது வேறு: வாக்கில்லாதவருக்கு ஐயா என்ன செய்வீர்கள்?

குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடே காலம் தள்ளிவிட்ட கிழவிகள் நம் பங்கில் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசி வரிசையில் நிற்பவர்கள் ஃபுளோரஸ் தீவிலிருந்து வந்த கத்தோலிக்கப் பையன்கள். நம்மைவிட நன்றாகப் பாடுகிறார்கள். சிலரின் கடப்பிதழ் முதலாளியின் மேசையறையில் கிடக்கிறது. தொழிலாளியின் கூலி அவன் சிக்கனமாக வாழவாவது போதுமானதாக இருக்க வேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) 1891-இலேயே எழுதிவிட்டார். இங்கே 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வெளிநாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கும் உண்டு. பிடித்தமெல்லாம் போக அவன் கைக்கு எவ்வளவு வருகிறது என்று மேடையில் கேட்கும் வேட்பாளருக்கு அதனால் ஒரு வாக்கும் அதிகமாகக் கிடைக்காது; சில குறையவும் செய்யும். அப்படிக் கேட்பவர் எந்தக் கொடியில் நின்றாலும் என் வாக்கு அவருக்கு.

நம்மவர் ஒருவர் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்கிறாய். ஞானஸ்நானச் சான்றிதழ் வேட்புமனுவோடு இணைக்கும் தாள் அல்லவே! அவரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்பேன். ஊர் மனது மாறாது என்றும் சொல்லாதே. 1974 முதல் நம் தொகுதியை வைத்திருந்த அமைச்சரை 2008-இல் இதே சுங்கை சிப்புட் இறக்கிவிட்டு, தோட்டத் தொழிலாளர்களோடு நின்ற ஒரு மருத்துவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு வருகிறாய் அல்லவா? மீதிச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம். உன் மூத்த பேத்தியையும் அழைத்து வா. பதினெட்டு ஆகிவிட்டதால் இப்போது தானாகவே அவளும் வாக்காளர். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய லயத்துத் தோழன்