வாடை தொடங்க முன் ஒரு தீர்மானம்: வடமராட்சி கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்மாருக்கும் அங்கத்தவர்களுக்கும்,

2024 நவம்பர் கடைசியில், பின்னர் ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் இலங்கையின் கிழக்குக் கரையோரமாக மேலேறி வந்துகொண்டிருந்தது. கடலுக்குப் போக வேண்டாமென்ற அறிவித்தல் ஊருக்குள் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தபோது, என் அண்ணன் படகுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில், பொலித்தீன் உறைக்குள் மடித்த அடகுச் சீட்டு. மச்சாளின் தாலிக்கொடி. பதினொரு நாள் தொழில் இல்லை. தவணை அந்த வெள்ளிக்கிழமை.

அண்ணன் அறியாமல் இறங்கவில்லை. வாடைக் கடல் எப்படிப்பட்டது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

டானியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு கேள்விகள் வருகின்றன. உறுதியாக 3000 கிடைக்கும், அல்லது 80 வீத வாய்ப்பில் 4000 கிடைக்கும், எது வேண்டும்? 80 வீதமானோர் உறுதியான 3000ஐயே எடுத்தார்கள். பிறகு அதையே இழப்பாக்கிக் கேட்டார்கள். 3000 கட்டாயம் போகும், அல்லது 80 வீத வாய்ப்பில் 4000 போகும், தப்பினால் ஒரு சதமும் போகாது. இப்போது 92 வீதமானோர் துணிந்து பார்ப்போம் என்றார்கள். சராசரி பார்த்தால் அந்தத் துணிவின் விலை 3200 (4000இல் 80 வீதம்), கட்டாயம் போகும் 3000ஐ விடக் கூட. இருந்தும் கட்டாய இழப்பை ஏற்க மனம் ஒப்பவில்லை.

அதைப் படித்தபோது அந்த அடகுச் சீட்டுத்தான் என் கண்முன் நின்றது. கடனில் நிற்பவருக்குக் கரையில் இருப்பதே கட்டாய இழப்பு. அவரிடம் காற்றின் வேகத்தை எத்தனை முறை சொன்னாலும் அந்தக் கணக்கு மாறாது. "துணிச்சல்காரன்" என்று புகழ்வதும் "பேராசை" என்று ஏசுவதும் எனக்கு ஒரே அளவு வலிக்கிறது.

அண்ணன் விடியுமுன் திரும்பிவிட்டார், பெட்டி நிறையப் பாரையோடு. எனக்குப் பயம் பிடித்தது அதற்குப் பிறகுதான். "அறிவித்தல் பொய்" என்று கரை முழுக்கப் பேசினார்கள். அடுத்த அறிவித்தலுக்கு ஆறு படகுகள் இறங்கின.

ஆகவே, முடிவைத் தனி ஒருவரின் தலையில், அதுவும் தவணைக்கு முதல் நாள் இரவில், விடாதீர்கள். கடல் அமைதியாகவும் கையில் மீன்காசும் உள்ள புரட்டாசியிலேயே பொதுக்கூட்டம் கூட்டுங்கள். அறிவித்தல் வந்தால் சங்கத்தின் ஒரு படகும் இறங்காது என்று கைதூக்கித் தீர்மானியுங்கள். ஒருவர் இறங்கினாலும் மற்றவர்களால் கரையில் நிற்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். விற்கும் மீனில் கிலோவுக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கி, கரையில் நிற்கும் நாட்களுக்கு ஒவ்வொரு படகுக்கும் அரிசிக் காசும் அடகு வட்டியும் கொடுங்கள். இழப்பு எல்லோருக்கும் பங்காகட்டும்.

கணக்கு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். அண்ணனிடமும் கேட்டேன். முதல் பணத்தைத் தானே கட்டுவதாகச் சொன்னார்; ஆனால் எல்லாப் படகும் நின்றால் மட்டும்தான் தானும் நிற்பாராம்.

இப்படிக்கு,
ஒரு தொழிலாளியின் தங்கை,
வடமராட்சி