சிவப்புச் சிலுவை யாருக்கு உரியது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், தலைப்பை ஒட்டி ஒரு சிவப்புச் சிலுவையை அச்சிட்டிருந்தீர்கள். மருந்துக்கடைப் பலகை, முதலுதவிப் பெட்டி, மருத்துவரின் கார்க் கண்ணாடி என்று எங்கும் பார்த்துப் பழகிவிட்டதால் பலருக்கு அது தவறாகத் தோன்றியிருக்காது. எனக்கு உறுத்தியது. வெள்ளைப் பரப்பில் சிவப்புச் சிலுவை என்பது வைத்தியத் தொழிலின் சின்னமே அல்ல. போர்க்களத்தில் 'இவரைச் சுடாதே' என்று எதிரிக்குச் சொல்வதற்காக, 1864-இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் ராணுவ மருத்துவப் பிரிவுகளுக்கு அளித்த அடையாளம் அது.

அந்தப் பிரிவினர் இடது கையில் கட்டும் பட்டையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நனைந்தாலும் கெடாத வெள்ளைத் துணி, அதில் சிலுவை, கூடவே ராணுவ அதிகாரிகளின் முத்திரை. அவ்வளவுதான். அதைக் கட்டியவர், விழுந்து கிடப்பவன் எந்த நாட்டுச் சீருடையில் இருக்கிறான் என்று பார்க்கக் கூடாது. யாருக்கு முதலில் சிகிச்சை என்பதைக் காயத்தின் அவசரம் மட்டுமே தீர்மானிக்க வேண்டும் என்கிறது 1949-ஆம் ஆண்டின் முதலாவது ஜெனீவா ஒப்பந்தம். தன்னையும் தன் பொறுப்பில் உள்ள காயம்பட்டவர்களையும் காத்துக்கொள்ள அவர் ஆயுதம் வைத்திருக்கலாம். ஆனால் தாக்கப் போகக் கூடாது. எதிரியிடம் அகப்பட்டாலும் அவரைப் போர்க்கைதியாகக் கருதக் கூடாது.

கொரியப் போருக்கு இந்தியா சண்டையிடும் படை எதையும் அனுப்பவில்லை. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவைத்தான் அனுப்பியது. 1951 மார்ச்சில் அவர்களில் சிலர் அமெரிக்க வீரர்களோடு பாராசூட்டில் குதித்து, இறங்கிய களத்திலேயே காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள். இப்படிப் போகிறவர்களுக்கு அந்தச் சிலுவையின் மீது எதிராளி வைத்திருக்கும் மதிப்புதான் கவசம். தெருவுக்குத் தெரு அதை வரைந்து வைத்தால் அந்த மதிப்பு எப்படி நிலைக்கும்?

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம், அரசின் அனுமதி இல்லாமல் இச்சின்னத்தைப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. முதலுதவிக்குப் பச்சைப் பரப்பில் வெள்ளைச் சிலுவை இருக்கிறது. மருத்துவத்துக்கு ஒற்றைப் பாம்பு சுற்றிய தடி இருக்கிறது. (இறக்கையோடு இரட்டைப் பாம்பு சுற்றிய கோல் வேறு. அது கிரேக்கப் புராணத்தில் தூதனாகிய ஹெர்மிஸின் கையில் இருப்பது.) அடுத்த இதழிலேயே மருத்துவப் பக்கத்தின் சின்னத்தை மாற்றி, ஏன் மாற்றினீர்கள் என்பதையும் இரண்டு வரியில் அச்சிட வேண்டுகிறேன். மருந்துக்கடை நடத்தும் வாசகர்களும் அதைப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்