கரடி வருது என்று சொல்லிச் சோறூட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

“இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமையே இல்ல, வாயைத் திறந்தா பொய்” என்ற புலம்பல் கோத்தகிரி பஸ்ஸிலும் கேட்கிறது, கூடலூர் ரேஷன் கடை வரிசையிலும் கேட்கிறது. பழியை செல்போன் மீது போட்டுவிடுகிறோம். சோறு ஊட்ட ஒரு பொய், தூங்க வைக்க ஒரு பொய், வேலைக்குக் கிளம்ப ஒரு பொய் என்று ஒரே நாளில் நாமே பிள்ளையிடம் எத்தனை சொல்கிறோம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நீலகிரி மலையில் வேலைக்குப் போகும் பெற்றோருக்காகவும் வீட்டில் பிள்ளை பார்க்கும் பாட்டிகளுக்காகவும் இதை எழுதுகிறோம்.

முதலில் கரடி. சமவெளியில் பூச்சாண்டி என்று மிரட்டுவார்கள். பூச்சாண்டி எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. இங்கே “கரடி வருது, வாயைத் திற” என்கிறோம். கோத்தகிரிப் பக்கம் கரடி நிஜமாகவே வருகிறது. கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெயைத் தேடி வருகிறது, பருப்புக்கும் எண்ணெய்க்கும் கதவை உடைக்கிறது. 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கம் 3 வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை தாக்கிக் கொன்றதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். தட்டில் சோறு தீர்ந்ததும் கரடியும் காணாமல் போவதை தினம் மூன்று வேளை பார்த்த பிள்ளை, ஒருநாள் நாம் நிஜமாகவே “செடிக்குள்ள கரடி!” என்று கத்தும்போது நகராமல் நிற்கும். சில பிள்ளைகள் நேர் எதிராக, பகலிலேயே வீட்டுக்குப் பின்பக்கம் போக மாட்டேன் என்று அழும். இரண்டுமே ஆபத்து.

கரடியை மிரட்டலுக்கு எடுக்காமல் பாடமாகச் சொல்லுங்கள். கரையான் புற்றைக் கரடி தோண்டிப் போட்ட இடத்தைப் பகலில் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நகம் பட்ட மண்ணைப் பார்த்த பிள்ளைக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. 4 வயதுக்கு இரண்டு விதி போதும்: இருட்டினால் தனியாக வாசல் தாண்டக் கூடாது, பந்து தேயிலைச் செடிக்குள் போனால் பெரியவரைக் கூப்பிட வேண்டும். பள்ளிக்கூடம் போகும் வயதில் மற்றதைச் சேர்க்கலாம். காட்டெருமை நின்றால் கல் எறியாதே, கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாதே, வந்த வழியே மெல்லப் பின்வாங்கு. சிறுத்தையைக் கண்டால் முதுகு காட்டி ஓடாதே, குனியாதே, நிமிர்ந்து நின்று சத்தம் போடு.

அடுத்தது, பிள்ளைக்குத் தெரியாமல் நழுவிப் போவது. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் காலை 8 மணிக்குள் தோட்டத்தில் நிற்க வேண்டும். கேரட் அறுவடைக்குப் போகிறவர்கள், மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு போய்ச் சேர வேண்டுமென்று விடியும் முன்பே பிக்கப் ஏறுகிறார்கள். அழுமே என்று பயந்து, பிள்ளை விளையாடும்போதோ தூங்கும்போதோ கிளம்பிவிடுகிறோம். அன்றைக்கு அழுகை இல்லாமல் போகிறதுதான். மறுநாளிலிருந்து பிள்ளை முந்தானையை விடாது. அம்மா கழிப்பறைக்குப் போனாலும் கதவைத் தட்டும். கண்ணை எடுத்தால் ஆள் காணாமல் போவார் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது.

முந்தின இரவே சொல்லிவிடுங்கள்: “நீ எழுந்திருக்கும்போது அம்மா கேரட் காட்டுல இருப்பேன், பாட்டி உனக்குப் பால் ஆத்தித் தருவாங்க, நீ சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் வந்துடுவேன்.” உடுத்திக் கழற்றிய ஸ்வெட்டரை, துவைக்காமல், தலையணைப் பக்கம் வைத்துவிட்டுப் போங்கள்; அதில் உங்கள் வாசனை இருக்கும். காலையில் பாட்டியும் அதே வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும். “அம்மா கடைக்குப் போயிருக்கா, இதோ வந்துடுவா” என்று பாட்டி மாற்றிச் சொன்னால் எல்லாம் கெட்டது. பிள்ளைக் காப்பகத்தில் விடும்போதும் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லுங்கள், கையசையுங்கள், போய்விடுங்கள். அழுகை கேட்டுத் திரும்பி வந்தால் அழுகை நீளும். நீங்கள் கண் மறைந்த பிறகு பெரும்பாலான பிள்ளைகள் சில நிமிடத்தில் அடங்கிவிடுகிறார்கள்.

இனி பொறுமை. ஒரு மிட்டாயைக் கையில் கொடுத்து, சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு தருவேன் என்னும் சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதையே அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரின் குழு வேறு மாதிரி செய்து பார்த்தது. முடிவு 2013-ல் வெளிவந்தது. 28 சிறு பிள்ளைகளிடம், “கொஞ்சம் பொறு, படம் வரைய நல்ல சாமான்கள் கொண்டு வருகிறேன்” என்றார்கள். 14 பேருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்ற 14 பேரிடம் “மன்னிச்சுக்கோ, இல்லை” என்றார்கள். ஸ்டிக்கரிலும் அப்படியே. அதற்குப் பிறகுதான் மிட்டாய். சொன்னது கிடைத்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். காத்திருக்க வேண்டிய 15 நிமிடமும் பொறுத்தவர்கள், சொன்னது கிடைத்தவர்களில் 9 பேர், ஏமாந்தவர்களில் ஒரே ஒருவர். ஏமாந்த பிள்ளை சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. இந்த ஆளை நம்பிக் காத்திருப்பதைவிடக் கையில் இருப்பதைத் தின்பது மேல்.

இது மலைக்குடும்பங்களுக்கு உறைக்க வேண்டிய செய்தி. பச்சைத் தேயிலை விலை ஏறி இறங்குகிறது, மழையில் வேலை நின்றுபோகிறது. “சம்பளம் வந்ததும் சைக்கிள்” என்பது நம் கையில் இல்லாத வாக்கு. பணத்தை வாக்காகக் கொடுக்காதீர்கள், நேரத்தைக் கொடுங்கள். “ராத்திரி சாப்பிட்டதும் ரெண்டு கதை” என்பது யார் தயவும் இல்லாமல் நிறைவேறும். 3 வயதுப் பிள்ளைக்கு நாளை என்பது பிடிபடாது. “சாயந்தரம் தோட்டத்துல வேலை முடிஞ்சு சங்கு ஊதினதும்” என்றால் புரியும். 5 வயதுக்கு மேல் தினசரிக் காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டலாம். திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பா, “ஏழு மணிக்குக் கூப்பிடுறேன்” என்று சொல்வதைவிட, ஏழிலிருந்து எட்டுக்குள் என்று சொல்வது நல்லது. ஜூன், ஜூலை மழையில் பந்தலூர், தேவாலா பக்கம் கரண்டும் டவரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

வாக்குத் தவறினால், பிள்ளை கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள். காரணம் ஒரு வரி, புதிய நாள் ஒன்று, அவ்வளவுதான். சமாதானத்துக்கு அதைவிடப் பெரிய பொருளை வாக்குக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அது இரண்டாவது ஏமாற்றத்துக்கு இப்போதே நாள் குறிப்பது.

குழுக்கடன் வசூலுக்கு ஆள் வரும்போது “அம்மா வீட்ல இல்லைன்னு சொல்லு” என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்பும் வீடுகள் உண்டு. கஷ்டம் புரிகிறது. ஆனாலும் உள்ளே அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, வாசலில் அந்தப் பிள்ளை எச்சில் விழுங்கிப் பொய் சொல்கிறது. தவணை கட்ட முடியவில்லை என்பதைப் பெரியவர்களே சொல்லட்டும். சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 186 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2014-ல் வந்தது. பெரியவர் ஒருவர் தங்களிடம் பொய் சொன்னதைத் தெரிந்துகொண்ட 5 முதல் 7 வயதுப் பிள்ளைகள், பார்க்கக் கூடாது என்ற பொம்மையை அதிகம் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் பார்க்கவில்லை என்று சாதித்தார்கள். பொய் சொல்லப்படாத பிள்ளைகளில் அது சுமார் 60 சதவீதம்.

டம்ளரை யார் உடைத்தது என்று தெரிந்துகொண்டே “யார் உடைச்சது?” என்று கேட்பதும் பொய்க்குப் பழக்குவதுதான். “டம்ளர் உடைஞ்சிருக்கு, செருப்பைப் போட்டுட்டு வா, பொறுக்கலாம்” என்றால் பொய்க்கு அங்கே இடமே இல்லை. ஒப்புக்கொண்ட பிள்ளையை அடித்தால் அடுத்த டம்ளர் உடைந்தது நமக்குத் தெரியவே வராது.

தோட்ட நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 50 பெண்கள் வேலை பார்க்கும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் சாயங்காலம் பறித்த கொழுந்தை எடை போடுவது தள்ளிப்போகிறது. சங்கு ஊதியும் அம்மாக்கள் வராமல் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. என்ன சொல்வதென்று ஆயாவுக்கும் தெரிவதில்லை. எடை முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி காப்பகத்துக்கு ஒரு போன் செய்தால் போதும். அந்த நேரத்தை ஆயா பிள்ளைகளிடம் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
காப்பகப் பணியில் இருப்பவர்கள்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.