கேள்வித்தாளில் சிக்காத துயரம்

ஆசிரியருக்கு,

மனநலம் குறித்த உங்கள் கட்டுரையில் நோயைக் கண்டறியும் கேள்வித்தாள், அதில் போடும் மதிப்பெண், மருந்து எல்லாம் இருந்தன. நோயாளியின் வீடு மட்டும் இல்லை. அதைக் காட்டக் கேமராதான் வேண்டும்.

1930களின் பிற்பகுதியிலேயே மானுடவியலாளர்களான மார்கரெட் மீடும் கிரெகரி பேட்சனும் இந்தோனேசியாவின் பாலித் தீவில் மக்கள் தன்னை மறந்து ஆடுவதைப் படம்பிடித்தார்கள். அங்கே அது சடங்கு. மருத்துவமனையில் அதுவே அறிகுறி ஆகிவிடும். அப்புறம், அமெரிக்க மானுடவியலாளர் ராபர்ட் லெமல்சன் இந்தோனேசியாவில் அதே குடும்பங்களிடம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் படமெடுத்தார். கம்யூனிஸ்டுகள் என்று குற்றம்சாட்டி அங்கே நடந்த 1965-66 படுகொலைகளில் உறவினரை இழந்தவர்கள், 1998இல் அதிபர் சுகார்த்தோ பதவி விலகும்வரை அதைப் பற்றி வாய்திறக்கவே அஞ்சினார்கள். அந்த மௌனத்தை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

அங்கே 'பாசுங்' என்றொரு வழக்கம். மனநோயாளியைச் சங்கிலியிலோ மரக்கட்டையிலோ பூட்டி வைப்பார்கள். 1977இல் தடை வந்தும் முழுதாக ஒழியவில்லை. எழுத்தில் படித்தால் 'கொடுமை' என்று முடித்துவிடுவோம் (கொடுமைதான், சந்தேகமில்லை). பூட்டியவர்களே பக்கத்தில் உட்கார்ந்து பராமரிப்பதைத் திரையில் பார்த்தால், சிகிச்சை எட்டாத குடும்பம் வேறென்ன செய்யும் என்றும் கேட்கத் தோன்றும்.

ஒரே உறுத்தல், சம்மதம். நோய் முற்றியிருக்கையில் தலையசைத்தது சம்மதமாகுமா? தெளிந்த பிறகு படத்தைப் போட்டுக்காட்டி மறுபடி கேட்க வேண்டும். வேண்டாம் என்றால், எவ்வளவு அருமையான காட்சியாக இருந்தாலும் சரி, வெட்டிவிட வேண்டும். இதைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்களேன்.

- ஒரு வாசகர்