ஏப்ரல் 14-க்கு விடுப்புக் கேட்டு வந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஈப்போ அன்பர் ஒருவர், சித்திரை முதல் நாளைத் தமிழனைத் தவிர உலகில் வேறு யாரும் புத்தாண்டாகக் கொண்டாடுவதில்லை, ஆகையால் அதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று எழுதியிருந்தார். அதே பக்கத்தில் கிள்ளான் அன்பர் ஒருவர், சித்திரை வந்தவர் போனவர் திணித்தது, தை ஒன்றுதான் நம்முடைய நாள் என்று முழங்கியிருந்தார். சித்திரை பிறந்தால் நம் வீடுகளில் மாங்காய்ப் பச்சடி தவறினாலும் தவறும், தங்கள் பத்திரிகையில் இந்தச் சண்டை தவறாது. இருவரும் எதிரெதிர்க் கட்சியில் நிற்பதாக நினைக்கிறார்கள். ஆனால் ஒரு நாள் நம்முடையதாக இருக்க வேண்டுமானால் அது வேறு யாருக்கும் உரியதாக இருக்கக் கூடாது என்பதில் இருவரும் ஒரே கட்சிதான்.

நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆள்வள இலாகாவில் வேலை செய்கிறேன். ஷிப்ட் அட்டவணை போடுவது என் பொறுப்பு. மார்ச் பாதி தாண்டியதும் என் மேசையில் விடுப்பு மனுக்கள் சேரும். அவற்றில் பெரும்பாலானவை கேட்கும் தேதி ஏப்ரல் 14, அல்லது அதற்கு ஒரு நாள் முன், ஒரு நாள் பின். நம் பெண்கள் கேட்பார்கள், சரி. வாசலில் காவல் நிற்கும் நேப்பாளத்து ஜாகாக்கள் கேட்பார்கள். வங்காளதேசத்து ஆப்பரேட்டர்கள், மியன்மார்ப் பெண்கள், பஞ்சாபி டெக்னீஷியன், கெடாவிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் சயாமியப் பெண், கணக்குப் பிரிவில் இருக்கும் யாழ்ப்பாணத்து வம்சாவளி அக்கா, மலையாளி ஸ்டோர் கீப்பர் எல்லோரும் கேட்பார்கள். புதிதாக வந்த மேலாளர் ஒருவர் இந்தக் கட்டைப் பார்த்துவிட்டு, இவர்கள் கூடிப் பேசி லைனை நிறுத்தப் பார்க்கிறார்களோ என்று சந்தேகப்பட்டார். அவருக்கு வெள்ளைப் பலகையில் சூரியனையும் மேஷ ராசியையும் வரைந்து விளக்க வேண்டியிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். சூரியன் மேஷ ராசியில் நுழையும் கணத்தை ஆண்டின் தொடக்கமாக எண்ணும் வழக்கம் பஞ்சாபிலிருந்து மேக்கொங் நதிக்கரை வரை பரவியிருக்கிறது. கணம் ஒன்று, அதை நாளாக்கும் விதிதான் ஊருக்கு ஊர் வேறு. அந்த நுழைவு சூரியன் மறைவதற்குள் நடந்துவிட்டால் நமக்கு அன்றே சித்திரை ஒன்று, பிந்தினால் மறுநாள். கேரளத்தில் பகலை ஐந்தாகப் பிரித்து மூன்று பங்கு கழிவதற்குள் நடந்ததா என்று பார்ப்பார்கள். அதனால்தான் சில ஆண்டுகளில் நாம் வடை பாயசம் சாப்பிட்டு முடித்த மறுநாள் அவர்கள் விஷுக்கனி காண்கிறார்கள். மேற்கு வங்கத்தார் நள்ளிரவை எல்லையாக வைத்து, பெரும்பாலும் 15-ஆம் தேதிக்குப் போய்விடுகிறார்கள். வங்காளதேசமோ நாட்காட்டியைச் சீர்திருத்தி, ஏப்ரல் 14 என்று ஒரேயடியாக நிலைநிறுத்திவிட்டது. மொழி ஒன்று, பண்டிகை ஒன்று, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாள் வேறு. நல்லவேளை, அந்த ஒரு நாள் இடைவெளியில் எனக்கு ஷிப்டுக்கு ஆள் கிடைக்கிறது.

வங்காளதேசத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களுக்கு அதுதான் நம்ப முடியாததாக இருக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த நாட்டில் பொஹேலா பொய்ஷாக் என்னும் வங்கப் புத்தாண்டு அரசு விடுமுறை. கடைக்காரர்கள் பழைய கணக்கை முடித்துப் புதுப் பேரேடு திறந்து, வாடிக்கையாளர்களுக்கு இனிப்புக் கொடுக்கிறார்கள். அன்றைய விசேஷ உணவு என்ன தெரியுமா? தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, வெங்காயம், பச்சை மிளகாய், பொரித்த இலீஷ் மீன். எங்கள் ஹாஸ்டல் சமையலறையில் அதைப் பார்த்த நம் துப்புரவுப் பணியாளர் அம்மா, “இதையா விருந்துன்னு சொல்றாங்க, எங்க எஸ்டேட்டுல தினம் இதுதானே” என்று சிரித்தார். அவர் கேட்ட கேள்வி நியாயமானது. டாக்காவிலேயே கூட, உழவன் வீட்டுக் காலை உணவைப் பணக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விலை கொடுத்துச் சாப்பிடுவதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு.

டாக்காவின் ரம்னா பூங்காவில் ஆலமரத்தடி என்று சொல்லப்படும் இடத்தில், சாயாநட் என்ற இசை அமைப்பு 1967 முதல் விடியற்காலையில் பாட்டோடு ஆண்டை வரவேற்கிறது. அது பாகிஸ்தான் ஆட்சிக் காலம். வங்க மொழிக்கும் தாகூர் பாட்டுக்கும் வானொலியில் நெருக்கடி இருந்த நேரம். அப்போது புத்தாண்டு கொண்டாடுவதே ஒரு பதிலடி. 2001-இல் அதே இடத்தில் குண்டு வைத்து, பாட்டுக் கேட்க வந்தவர்களைக் கொன்றார்கள். அடுத்த ஆண்டும் மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். டாக்கா பல்கலைக்கழக நுண்கலை மாணவர்கள் 1989-இல் தொடங்கிய முகமூடி ஊர்வலத்தை 2016-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இது மதத்துக்குப் புறம்பானது என்று அங்கேயும் சிலர் எதிர்க்கிறார்கள். ஆகவே கிள்ளான் அன்பருக்கும் அங்கே கூட்டாளிகள் இருக்கிறார்கள். 2021 முதல் மூன்று ஆண்டுகள் இந்த நாள் நோன்பு மாதத்துக்குள் விழுந்தது. அப்போது எங்கள் ஆட்கள் பழைய சோற்றை நோன்பு திறந்த பிறகு சாப்பிட்டார்கள். பண்டிகையை விடவில்லை.

நேப்பாளிகளுக்கு இது அரசாங்க ஆண்டே. அவர்கள் நாட்டில் அலுவலகம், பள்ளி, வரவு செலவு எல்லாம் விக்ரம சம்வத் என்ற ஆண்டுக் கணக்கில்தான். நமக்கு 2025 ஏப்ரல் 14 என்றால் அவர்களுக்கு 2082 வைசாக முதல் நாள். பக்தபூர் நகரில் அந்த நாட்களில் பைரவர் தேரை இருபக்கமும் கயிறு கட்டி இரண்டு பேட்டைக்காரர்கள் எதிரெதிராக இழுப்பார்களாம். கைப்பேசியில் காட்டினார்கள். தைப்பூசத்தில் தங்க ரதமா வெள்ளி ரதமா என்று பினாங்கில் நாம் இழுத்த இழுப்பு எனக்கு நினைவுக்கு வந்தது, சொல்லவில்லை.

இலங்கையில் ஏப்ரல் 13, 14 இரண்டும் விடுமுறை. அரசு ஏட்டில் அதன் பெயரே சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு. 1983 தொடங்கி 2009 வரை ஒரு போர் நடந்து, அத்தனை பேர் மாண்டு, அத்தனை பேர் புலம்பெயர்ந்த பிறகும் இந்தப் பெயர் மாறவில்லை. இதைச் சொல்லி ஒற்றுமை கீதம் பாட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அடுப்புப் பற்றவைக்கும் நேரம், முதல் கவளம் உண்ணும் நேரம், தலையில் எண்ணெய் வைக்கும் நேரம் என்று சிங்களவர்கள் சோதிடரைக் கேட்டு நாடு முழுக்க ஒரே நிமிடத்தில் செய்வதும், எங்கள் கணக்குப் பிரிவு அக்கா மருத்துநீர் வைத்து, தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை என்று அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்வதும் ஒரே வீட்டுப் பழக்கம் என்று யாருக்கும் தெரியும். ஜாலான் கம்பாரில் இருக்கும் மகிந்தாராம விகாரைக்குப் போகும் சிங்களக் குடும்பங்களுக்கும் இது புத்தாண்டுதான்.

பஞ்சாபியர்களுக்கு அறுவடை நாளோடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. சீக்கியர்களின் குரு கோபிந்த் சிங் 1699-இல் ஆனந்தபூரில் கால்சா என்ற சமய அமைப்பை நிறுவியது வைசாகி அன்றுதான். ஜாலான் குருத்வாராவில் அன்று கொடிமரத்துத் துணியை மாற்றுவார்கள், லங்கர் என்னும் பொதுப் பந்தியில் யார் போனாலும் சாப்பாடு. ஈப்போ அன்பர் பினாங்குக்கு வந்தால் நானே அழைத்துப் போகிறேன்.

வைசாகியைச் சொன்னதும் ஜாலியன்வாலா பாக் நினைவுக்கு வருகிறது. வைசாகிக்குக் கூடியிருந்த கூட்டத்தை ஜெனரல் டையர் சுட்டது 1919 ஏப்ரல் 13. இப்போது அந்தப் பண்டிகை பெரும்பாலும் 14-இல் வருகிறதே, ஏன்? நம் பஞ்சாங்க ஆண்டு ஆங்கில ஆண்டைவிட இருபது நிமிடம் அளவுக்கு நீளம். எழுபது ஆண்டு வாக்கில் ஒரு நாள் தள்ளிப்போகும். என் தாத்தாவின் சித்திரை ஒன்று 13-ஆம் தேதி, என் பேத்திக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு 15. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இது இரவும் பகலும் சமமாக இருக்கும் நாளோடு பொருந்தியிருந்தது. இப்போது மூன்று வாரத்துக்கும் மேல் தள்ளி நிற்கிறது. வங்காளதேசமும் தாய்லாந்தும் தேதியைக் கட்டிப்போட்டுவிட்டன, நாம் நகர்ந்துகொண்டே போகிறோம். இப்போதைக்கு எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம், அவ்வளவே.

தை ஒன்றுக்காரர்கள் மகிழ வேண்டாம். அதுவும் சூரியன் மகரத்தில் நுழையும் நாள். வட இந்தியாவில் மகர சங்கராந்தி, அசாமில் மாக் பிகு, நேப்பாளத்தில் மாகே சங்கராந்தி. தமிழனுக்கு மட்டும் உரிய நாள் தேடிப் போகிறவர்கள் அங்கேயும் கூட்டத்தில்தான் போய் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008-இல் சட்டம் போட்டுத் தைக்கு மாற்றினார்கள், 2011-இல் திரும்பச் சித்திரைக்குக் கொண்டுவந்தார்கள். தாய்லாந்துக்காரர்கள் 1941 முதல் ஜனவரி 1-ஐ அதிகாரபூர்வப் புத்தாண்டாக வைத்துக்கொண்டார்கள். அதனால் ஏப்ரலில் வரும் அவர்களுடைய பழைய புத்தாண்டான சொங்கரான் இம்மியும் குறையவில்லை. மூன்று நாள் நாடே நனைகிறது, 2023-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.

இந்தச் சூரியக் கணக்குக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் அதே தேதியில் இருக்கிறார்கள். 1891 ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள். இந்தியாவில் அன்று நீலக் கொடிகள். 2017-இல் பெரிய வெள்ளி அன்றுதான் வந்தது. நான் மிகவும் ரசிப்பது ஜார்ஜியா நாட்டை. அங்கே ஏப்ரல் 14 தாய்மொழி நாள். 1978-இல் சோவியத் ஆட்சி ஜார்ஜிய மொழியின் ஆட்சிமொழி என்ற தகுதியை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கப் பார்த்தது. திபிலிசியில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், அரசு பின்வாங்கியது. மொழிக்காகத் தெருவில் இறங்கியவர்களைப் பற்றி நம்மிடம் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தங்களிடம் இரண்டு கேட்கிறேன். முதலாவது, நம் நாட்டில் ஏப்ரல் 14 பொது விடுமுறை அல்ல. ஆனால் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி தொழிலாளிக்குக் கிடைக்கும் பதினொரு பொது விடுமுறைகளில் ஐந்தை மட்டும்தான் மாற்ற முடியாது. தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசியா தினம் ஆகியவையே அந்த ஐந்து. மற்றதை முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டு வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் ஜாகாக்களில் சிலர் கிறிஸ்துமஸில் நின்று வைசாக முதல் நாளை வாங்கிக்கொள்கிறார்கள். நம் பெண்கள் பலருக்கு இது தெரியாமல் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். மார்ச் மாதமே தங்கள் பத்திரிகை இதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டால் எனக்கும் தலைவலி குறையும்.

இரண்டாவது, அடுத்த புத்தாண்டு மலரில் ராசிபலனுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றை எடுத்து (நானும் விருச்சிகத்தைப் படித்துவிட்டுத்தான் மற்ற பக்கம் புரட்டுவேன், அதை மட்டும் விட்டுவிடுங்கள்) இந்த ஊரிலேயே அன்று புத்தாண்டு கொண்டாடுகிறவர்களைப் பற்றி எழுதுங்கள். வெளிநாடு போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கொம்தார் கோபுரத்தைச் சுற்றி நின்றால் வங்காளதேசமும் நேப்பாளமும் கிடைக்கும். லோரோங் பர்மாவில் சயாமியக் கோவிலும் பர்மியக் கோவிலும் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்றில் படுத்த புத்தர், மற்றதில் நின்ற புத்தர். பர்மியர்களுக்குத் தண்ணீர் விழா முடிந்து 17-ஆம் தேதி வாக்கில்தான் ஆண்டு பிறக்கும். இரண்டு பக்கமும் வாளியும் குழாயுமாக நிற்பார்கள். யார் எந்த நாட்டவர், என்ன வேலையாக வந்தார் என்று கேட்க மாட்டார்கள். தங்கள் நிருபர் கேமராவுக்கு நல்ல பிளாஸ்டிக் உறையாகப் போட்டுக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாயான் லெப்பாஸ், பினாங்கு