உப்பிய பேட்டரி

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறொன்றும் இல்லை. அப்பா சௌக்கியம். காலையில் ரேடியோ, சாயங்காலம் கோயில் என்று அவர் பாட்டுக்கு இருக்கிறார். உன் தங்கச்சிக்கு மூட்டு வலி கொஞ்சம் தேவலை.

இங்கே போன மாதம் ஒரு கூத்து. என் போனின் முதுகு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. மேசையில் வைத்துத் தொட்டால் பம்பரமாகச் சுற்றுகிறது. மூடிதான் விலகிவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். நல்லவேளை, வெடிக்கவில்லை. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் காட்டினேன். "பேட்டரி உப்பிட்டு அண்ணாச்சி, இனிச் சார்ஜ் போட்டுராதீங்க" என்றான் பையன். சூட்டில் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது. வெளியேற வழியில்லாமல் உறை பூரி மாதிரி எழும்பிவிடுகிறது. சித்திரை வெயிலில் பைக்கின் டேங்க் கவருக்குள் போனை வைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கும் டவுனுக்கும் அலைகிறவனுக்கு வேறென்ன நடக்கும்?

அவன் அதைத் திறந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். லேசாகச் சூடு காட்டிப் பசையை இளக்கினான். உப்பின பேட்டரி, அதிகம் சுடவும் பயம். ரப்பர் உறிஞ்சியை ஒட்டி இழுத்து, விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் சில்லைச் செருகி, கல்லில் ஒட்டிக்கொண்ட தோசையை எடுப்பது போலச் சுற்றிக்கொண்டே வந்தான். மூடி கழன்றால், உள்ளே பேட்டரியும் பசை போட்டு ஒட்டியிருக்கிறது! முக்கால் மணி நேரம் ஆனது.

எனக்கு உன் நோக்கியா 1100 ஞாபகம் வந்தது. குறுக்குத்துறைப் படித்துறையில் அது தண்ணீருக்குள் விழுந்ததே, மறந்துவிட்டாயா? நகத்தால் மூடியைத் தள்ளி, பேட்டரியையும் சிம்மையும் உருவி, துண்டில் துடைத்து வெயிலில் வைத்தோம். மறுநாள் நீயே அதிலிருந்து எனக்கு மிஸ்டு கால் கொடுத்தாய். காசு மிச்சம் பிடிப்பதில் அன்றைக்கும் நீ கெட்டிக்காரன்தான்.

அந்த நோக்கியாவில் இருந்த பி.எல்.5சி பேட்டரிக்கும் ஒரு கதை உண்டு. 2007-இல் அதில் ஒரு பகுதி, சுமார் 4.6 கோடி, சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்து, இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. அத்தனை கோடி என்றாலும் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், போன் நம் கையிலேயே இருக்கும். 2016-இல் சாம்சங்கின் நோட் 7-க்கு அதே மாதிரிப் பேட்டரித் தொல்லை. மூடி கழலாத போன் என்பதால் போனையே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. கடைசியில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் சாதனங்களில், கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவியை வைத்தே வாங்கினவர் பேட்டரியைக் கழற்ற முடிய வேண்டும். ஆனால் போன்களுக்கு ஒரு சந்தும் விட்டிருக்கிறார்கள்: தண்ணீர் புகாமல் இருந்து, ஆயிரம் தடவை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதம் நின்றால் சலுகை உண்டு. பெரிய கம்பெனிகள் அந்தச் சந்தில்தான் நுழையும், பார்த்துக்கொண்டே இரு. ஒட்டினால்தான் தண்ணீர் புகாது என்பார்கள். ஆனால் 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் 5-இல் மூடியை நகத்தால் கழற்றலாம், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். அதே சாம்சங் மறுவருஷம் எஸ் 6-ஐ ஒட்டித்தான் விற்றது. முடியாமல் இல்லை, மனசில்லை.

சரி, அப்புறம் ஒரு காரியம். அப்பா கேட்கிற சின்ன ரேடியோப் பெட்டி ஓடுவது அதே பி.எல்.5சி-யில்தான். இப்போது திருநெல்வேலி வானொலியில் செய்தி முடிவதற்குள் அணைந்துவிடுகிறது. கடையில் வாங்கின பேட்டரி பதினைந்து நாள்கூட நிற்கவில்லை. உன் வீட்டுப் பரணில் பழைய நோக்கியா ஏதாவது கிடந்தால் ஆனித் தேருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வாலே. பேட்டரி மட்டும் போதும்.

உன் வீட்டுத் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்